நீராதாரம் இல்லை

"நீராதாரம்: இல்லை" என்று ஒகோலா வாசித்தபோது ரெசியாடோவின் முதுகு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. விடியலில் மலையிலிருந்து இறக்கிய கேனுக்கு மூடி சரியில்லை. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்து வந்த வழியெல்லாம் கசிந்து, சட்டையும் அதன்மேல் போர்த்திய சிவப்புத் துணியும் நனைந்துபோயிருந்தன. மாற்ற நேரமில்லாமல் அப்படியே கூட்டத்துக்கு வந்து பெண்கள் வரிசையில் கடைசியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் ஆண்கள், முக்காலியிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும். பின்னால் பெண்கள், தரையில். கென்யாவின் மாசாய் ஊர்களில் வேலமரத்தடிக் கூட்டம் என்றால் அப்படித்தான். பேச்சு முன்னாலேயே தொடங்கி முன்னாலேயே முடிந்துவிடும். பின்வரிசை வரைக்கும் வந்து சேர்வது பிஸ்கட் பாக்கெட் மட்டும்.

ஒகோலா கம்பெனி ஆள். மேற்கே ஏரிக்கரைப் பக்கத்துக்காரன், முப்பது வயதிருக்கும், பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறவன். புகைமலையில் நாலு இடத்தில் ஆழமாகத் துளை போட்டு, பூமிக்குள் கொதிக்கிற ஆவியை மேலே இழுத்து மின்சாரம் எடுப்பதென்று கம்பெனி வந்து பல வருடமாகிறது; மூன்று துளை போட்டாயிற்று, நாலாவதுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் தகவல் கேட்டார்கள். நாலாவதுக்கு மூன்று நாட்டு வங்கிகள் கடன் தருகின்றன. தருவதற்கு முன் ஊராருக்கு அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டுமாம். அதனால் இருநூறு பக்கத்திலிருந்து நாலு பக்கத்தைப் பொறுக்கி வாசித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டுப் பாதை: மூன்று. உப்பு மண் நக்கும் இடம்: இரண்டு. சடங்கு நடக்கும் இடம்: ஒன்று. நாலாவது துளை வரும் மேற்குச் சரிவில் மனிதரோ கால்நடையோ பயன்படுத்தும் நீராதாரம்: இல்லை."

ரெசியாடோ எழுந்து நின்றாள்.

"தம்பி, கடைசியா சொன்னதை இன்னொரு தடவை வாசி."

வாசித்தான்.

"யார் சொன்னது இதை?"

"உக்காரும்மா, கேள்வியெல்லாம் கடைசில" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஒகோலா பக்கங்களைப் புரட்டினான்.

"தகவல் தந்தவர்... நிலக்குழுச் செயலாளர், பர்முவாட் ஒலே கிரிங்காய்."

பர்முவாட் ஒலே கிரிங்காய் முன்வரிசை மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடி நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். அவன் ரெசியாடோவின் புருஷன்.

"அடிப்பாவி, உன் வீட்டுக்காரனா!" என்று பக்கத்திலிருந்த செமெயியான் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

புகைமலையில் ஓடை கிடையாது, கிணறு கிடையாது. ஆறு கீழே, போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும். மழை தப்பினால் அங்கேயும் மணல்தான். ஆனால் மேற்குச் சரிவில் பாறை வெடிப்புகளிலிருந்து நாள் முழுக்க ஆவி வந்துகொண்டிருக்கும். வெடிப்பில் இரும்புக் குழாயைச் செருகி, சுற்றிலும் களிமண் பூசி, குழாயைக் கவட்டைக் குச்சிகள்மேல் சரிவாகக் கிடத்தி, வெயில் படாமல் பழைய சாக்கைச் சுற்றிவிட்டால், உள்ளே போகிற ஆவி குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். அந்தியில் கேனை வைத்தால் விடியலில் நிறைந்திருக்கும். அப்படிப் பதினோரு குழாய்கள், பதினோரு பெண்களுக்கு. நாலாவது துளை வந்தால் அந்த ஆவியெல்லாம் அதன் வழியே போய்விடும், குழாய்கள் வற்றிவிடும். ரெசியாடோவின் வெடிப்பு அவள் மாமியார் கைமாற்றியது. அந்தக் காலத்தில் குழாய்க்குப் பதில் துளைத்த மரக்கிளை. வருடத்துக்கு இரண்டு தடவை களிமண் மாற்ற வேண்டும், குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்ட வேண்டும், கை வெந்து போகும். அவள் வலது முழங்கையின் கீழே தோல் மினுமினுவென்று வேறு நிறத்தில் இருப்பது அதனால்தான்.

ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மாடு ஏறாத சரிவு அது. மாடு போகாத இடத்தில் மாசாய் ஆம்பளைக்கு என்ன வேலை?

ஆனாலும் இருபத்தாறு வருடமாகப் பர்முவாட் காலையில் உறிஞ்சுகிற டீ அந்தச் சொட்டில் போட்டதுதான். அவன் வயிற்றில் போனது மேற்குச் சரிவு. அவன் பிள்ளை குளித்தது மேற்குச் சரிவு. அந்த வாயால்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் மாடுகளை முள்வேலிக்குள் அடைத்துவிட்டு வந்து, வழக்கம்போல வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கோப்பை வரவில்லை.

"டீ இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

"நீராதாரம் இல்லை" என்றாள் ரெசியாடோ.

அவன் கைத்தடியைச் சுவரில் சாய்த்தான். "கூட்டத்துல எழுந்து நின்னு என் மானத்தை வாங்கினது போதாதா? வீட்டுலயும் ஆரம்பிக்கணுமா?"

"உன் மானத்தை நான் வாங்கலை. நீயே அந்தப் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டே."

"என்ன எழுதிக் குடுத்தேன்? அந்தப் பையன் கேட்டான், மேக்குச் சரிவுல தண்ணி உண்டான்னு. மாடு அங்கே குடிக்குதா? இல்லை. இல்லேன்னேன். இதுல பொய் எங்கே இருக்கு?"

"மனுசரோ கால்நடையோன்னு கேட்டிருக்கான்."

"மாடு குடிக்காத தண்ணிய மனுசன் குடிப்பானா?"

"நீ குடிக்கிறியே! இருபத்தாறு வருசமா அதைத்தானே குடிச்சிட்டிருக்கே!"

அப்போதுதான் பர்முவாட்டுக்கே அது உறைத்தது போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்த ரெசியாடோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் காசு வாங்கிக்கொண்டு விற்றுவிட்டான் என்று ஊரைக் கூட்டித் திட்டித் தீர்த்திருக்கலாம். இவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறான். தண்ணீர் என்று யாராவது சொன்னால் அவன் கண்ணுக்குத் தொட்டியும், அதில் மூக்கை நனைக்கிற மாடுகளும்தான் தெரியும். வீட்டுக்குள் தினமும் ஒரு கேன் வந்து நிற்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவன் மட்டுமா? ஊர்ப் பொதுநிலத்தைப் பார்க்கிற குழுவிலிருக்கிற ஒன்பது பேரையும் நிறுத்திக் கேட்டிருந்தால் ஒன்பது பேரும் அதையே சொல்லியிருப்பார்கள்.

"சரி. தெரியாம சொல்லிட்டே. நாளைக்கு விடிஞ்சதும் போய் மாத்தி எழுதச் சொல்லு."

அவன் தாடையைத் தேய்த்தான்.

"நம்ம தொகுதி மெம்பர் லெம்பாகா ஒரு விஷயம் சொல்லியிருக்காரு. நாலாவது துளை போடறப்ப கொய்னெட்டுக்கு அந்தத் துளை மிஷின்ல, ரிக்ல வேலை."

கொய்னெட் அவர்கள் மூத்த மகன். டவுனில் யாருடைய மோட்டார் பைக்கையோ வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஓஹோ" என்றாள் ரெசியாடோ. "மகனுக்கு ரிக். மாட்டுக்குப் பாதை. உனக்கு முன்வரிசையில நாற்காலி. எனக்கு?"

"டேங்க் வெச்சுக் குடுப்பாங்க. வாரத்துக்கு ஒரு லாரி தண்ணி."

"முதல் துளை போட்டப்ப கிழக்குச் சரிவு ஜனங்களுக்கும் டேங்க் வெச்சாங்களே. அதுல இப்ப என்ன இருக்கு?"

அவன் சுவரில் சாய்த்த கைத்தடியை மறுபடி எடுத்தான்.

"கேக்கறேன்ல? என்ன இருக்கு?"

"பல்லி" என்றான் பர்முவாட்.

மறுநாள் பதினோரு பெண்களும் மலையடிவாரத்தில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு நடந்தே போனார்கள். வாசலில் காவல்காரன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். "இல்லேன்னு எழுதினவனை" என்றாள் செமெயியான். ஒகோலா வெளியே வந்தான், தொப்பியைக் கழற்றினான், எல்லோருக்கும் நாற்காலி தேடினான், மூன்றுதான் கிடைத்தன. ஒருவரும் உட்காரவில்லை.

அவன் பொறுமையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இதை யாருமே எங்கிட்ட சொல்லலை. ஆனா இப்ப மாத்தறது லேசில்ல. பணம் குடுக்கிற முதல் நாட்டுல அடுத்த வருசம் எலெக்ஷன். நிலக்கரிய மூடறோம், ஏழை நாட்டுல சுத்தமான கரண்டு எடுக்கறோம்னு அங்கே ஓட்டுக் கேட்டிருக்காங்க. நம்ம மலையோட படம்தான் போஸ்டர்ல இருக்கு. ரெண்டாவது நாடு என்ன சொல்லுதுன்னா, இங்கே புகையில்லாம எடுக்கிற கரண்டை அவங்க ஃபேக்டரி விடற புகைக்கு ஈடா கழிச்சுக்கலாம்னு. முதல் நாடு லேட் பண்ணா மூணாவது நாடு விலகிடும். நம்ம நைரோபியிலயும் எலெக்ஷனுக்கு முன்னால ரிப்பன் வெட்டணும். ஒரு வரிய மாத்தினா அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லாட்டா எல்லாம் முதல்லேர்ந்து."

"நில்லு, நில்லு" என்றாள் செமெயியான். "அவங்க ஊர்ப் புகைய நம்ம மலையில கொண்டாந்து கழுவறாங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா..."

"வேற எப்படிச் சொல்லணும்? நாங்க என்னப்பா புகை விட்டோம்? அடுப்புல சாணி எரிக்கிற புகையா?"

"உலகமே சூடாகுதும்மா. மழை தப்பறது அதனாலதான்."

"மழை தப்பறது எங்களுக்குத் தெரியாதா? போன பஞ்சத்துல நாப்பது மாடு செத்துது, தோலை உரிச்சது நான். மழை தப்பினதாலதானே அந்த ஆவித் தண்ணிய நம்பி உக்காந்திருக்கோம்! சூடு பண்ணினது யாரோ. அதைத் தணிக்க என் குழாய்தான் கிடைச்சுதா?"

ரெசியாடோ அலுவலகக் கூரைக்கு மேலே போகிற கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று துளைகளிலிருந்து எடுத்த மின்சாரம் அவற்றின் வழியாக நகரத்துக்குப் போகிறது. அவள் வீட்டுக்கு மேலேயும் அதே கம்பிதான் போகிறது. காற்றடித்தால் ஊமென்று சத்தம் கேட்கும். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு.

"இதுலேர்ந்து எங்க வீட்டுக்குக் கரண்டு வருமா?" என்று கேட்டாள்.

"அது வேற இலாகாம்மா" என்றான் ஒகோலா. சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வாசலில் நிற்கிற பச்சைப் பலகையைக் காட்டினான். அதில் கீழே சின்ன எழுத்தில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. குறை சொல்லுவதற்கு வங்கிக்காரர்கள் வைத்த நம்பர். பேச ஆகிற செலவு அவர்களுடையது. "வெச்சு ரெண்டு வருசமாகுது. இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை" என்றான். "நான் காட்டினேன்னு சொல்லாதீங்க."

பேசினார்கள். செமெயியானின் போனில், பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, ஒருத்தி மாற்றி ஒருத்தி பதினோரு பேரும் பேசினார்கள். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், நடுவில் மொழிபெயர்க்க ஒரு பையன். எத்தனை கேன், எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடமாக, எல்லாம் கேட்டார்கள். ரெசியாடோ தன் முறை வந்தபோது, "எங்க ஆம்பளைங்க கிட்ட மாட்டைப் பத்திக் கேளுங்க. தண்ணியப் பத்திக் கேக்கணும்னா எங்ககிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாள்.

பதினைந்து நாளில் வங்கிகளிடமிருந்து உத்தரவு வந்தது. மேற்குச் சரிவில் உள்ள ஒவ்வொரு குழாயையும் உரிமையாளர் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தராமல் நாலாவது துளை போடக் கூடாது. மலையேற வந்த ரிக் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

அதற்கு மறுநாள் லெம்பாகா வந்தார். தொகுதி மெம்பர், பர்முவாட்டுடைய குலம்தான். வெள்ளை வண்டி, பளபளக்கிற ஷூ, வண்டிக்குள் எப்போதும் வீடு வீடாகக் கொடுக்கச் சர்க்கரைப் பாக்கெட்டுகள். ரெசியாடோ அப்போது கூரைமேல் ஏறிச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். மெழுகுகிற பெண்ணை அவர்களில் எவன் கவனிப்பான்? சுவரோரம் நின்றே அவரும் பர்முவாட்டும் பேசினார்கள்.

"உரிமையாளர்னு கேப்பான். உன் பேரைச் சொல்லு. அவ்வளவுதான் வேலை" என்றார் லெம்பாகா. "மலை குழுவுக்குச் சொந்தம். குழுவுல நீ இருக்கே. குடும்பத் தலைவன் நீ. கையெழுத்துப் போட்டுட்டா மத்த பத்து வீட்டு ஆம்பளைங்களும் உன்னைப் பாத்துப் போட்டுடுவாங்க. பொம்பளைங்க கத்துவாங்க, ரெண்டு நாள் கத்துவாங்க. கொய்னெட்டோட பேரை வேலை லிஸ்ட்ல ஏத்திட்டேன்."

பர்முவாட் கைத்தடியை மண்ணில் ஊன்றினான். பிறகு "சரி" என்றான்.

கூரைமேல் ரெசியாடோவின் கை சாணி உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டது. அந்த உருண்டையை அவர் ஷூமேல் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போடவில்லை. போட்டால் மனசு ஆறிவிடும், ஆற அவள் தயாராக இல்லை. பேர் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அவள் பேர் என்றால் மலை தப்பும். அவன் பேர் என்றால் அந்தச் சரிவில் ரிக் நிற்கும், அவள் கீழே டேங்கில் பல்லி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

பதிவு செய்கிற நாள் காலையில், வாழ்நாளில் முதல் தடவையாக ஆண்கள் மேற்குச் சரிவில் ஏறினார்கள். ஒகோலா ஒரு அட்டையில் படிவங்களைச் செருகிக்கொண்டு முன்னால். பின்னால் லெம்பாகா, பர்முவாட், சாட்சிக்கு அவனுடைய சோட்டாளிகள் நாலு பேர். ஒரே பருவத்தில் வீரர்களாக ஆனவர்கள். ஒருத்தன் தலை குனிந்தால் எல்லோர் தலையும் குனிந்த மாதிரி. பாதி வழியிலேயே மூச்சு வாங்கி ஒவ்வொரு பாறையாக நின்று நின்று வந்தார்கள். லெம்பாகா ஒரு பாறையில் சாய்ந்தார். அடுத்த நொடி "ஐயோ!" என்று துள்ளினார்.

"அதுல கையை வைக்காதீங்க மெம்பரே, சுடும்" என்றாள் செமெயியான். "உங்க அறிக்கையில அதையும் எழுதலையா?"

ரெசியாடோ தன் குழாய் முனையில் குந்தியிருந்தாள். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் வந்து சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். சோட்டாளிகளில் ஒருத்தன், தாராயியா என்று பேர், குனிந்து கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றான். "நம்ம டீத் தண்ணியெல்லாம் இதுவா?" அவன் வீட்டுக் குழாய் இருபதடி தள்ளி இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

ஒகோலா பேனாவை எடுத்தான். "குழாய் எண் ஒன்று. உரிமையாளர் யாரு?"

லெம்பாகா பர்முவாட்டைப் பார்த்தார். பர்முவாட் தொண்டையைச் செருமினான்.

"எழுதிக்கோ. பர்முவாட் ஒலே..."

"கொய்னெட் அப்பா" என்றாள் ரெசியாடோ. எழுந்திருக்கவில்லை. "பேர் எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். உன் சோட்டாளிங்க நாலு பேரும் நிக்கறாங்க, அவங்க கேக்கட்டும். இந்த மலை யாரோடது?"

"குழுவோடது" என்றார் லெம்பாகா முந்திக்கொண்டு.

"ஒத்துக்கறேன். உங்களோடது. வீட்டுல நிக்கிற மாடு யாரோடது?"

"இது என்ன கேள்வி? என்னோடது" என்றான் பர்முவாட்.

"மாட்டோட மடி?"

"என்னோடது."

"மடியிலேர்ந்து சொட்டறது?"

தாராயியா நிமிர்ந்து நின்றான்.

அங்கே அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மாடு ஆணுடையது, கொம்பிலிருந்து குளம்பு வரைக்கும். பால் பெண்ணுடையது. அவள் கறப்பாள், அவள் சுரைக்குடுவையில் ஊற்றுவாள், யாருக்கு எவ்வளவு என்று அவள் சொல்லுவாள். பசியில் கண் இருண்டாலும் ஆம்பளை குடுவையின் மூடியைத் தன் கையால் திறக்க மாட்டான். பக்கத்து மலையில் எப்போதோ ஒருத்தன் திறந்துவிட்டானாம். அவன் செத்த பிறகும் அவன் பேரைச் சொல்லித்தான் அங்கே பெண்கள் சண்டைக்குப் போகிறார்கள்.

"சொல்லேன்" என்றாள் ரெசியாடோ. இப்போது எழுந்துவிட்டாள். ஆத்திரத்தில் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். "இதுவும் சொட்டறதுதான். அன்னிக்கு மாமியார் கறந்தாங்க, இன்னிக்கு நான் கறக்கறேன். என் கை வெந்திருக்கு, பாரு. உன்னோடதுன்னா எடுத்துக்கோ, நான் குறுக்க நிக்கலை. நாளைக்கு விடியறதுக்குள்ள நீ ஏறி வா. நீ களிமண் பூசு, நீ பொருக்குச் சுரண்டு. பட்டையை நெத்தியில மாட்டி நீயே கேனைச் சுமந்து இறக்கு. ஊர் பாக்கட்டும். அப்படியே வீட்டுக்கு வந்து மாட்டுக்குக் கீழேயும் குந்திக்கோ, மடியைக் கழுவு, பாலைக் கற. குடுவையைத் தரேன். எழுதச் சொல்லு உன் பேரை!"

பின்னால் நின்ற பெண்களில் யாரோ பால் கறக்கும்போது மாட்டைத் தாஜா பண்ணுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கினாள். இன்னொருத்தி தொடர்ந்தாள். பிறகு பத்துப் பேரும். சோட்டாளிகளில் இருவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாராயியா சிரிக்கவில்லை.

"பர்முவாட்" என்றான் மெதுவாக. "பால்ல கை வைக்காதே. நாங்க நாலு பேரும் வெளியில தலை காட்ட முடியாது."

"என்னய்யா பாலு, மாடுன்னு!" லெம்பாகா கத்தினார். "இது சர்க்கார் பதிவு! மூணு நாடு காத்துக்கிட்டிருக்கு! குடும்பத் தலைவன்னு இருக்கில்ல படிவத்துல? சொல்லித் தொலைப்பா!"

"அப்ப உங்க பேரை எழுதிக்கங்க மெம்பரே" என்றாள் செமெயியான். "நாளைக்கு விடியக்காலம் வந்துடுங்க. மடி கழுவ நான் சொல்லித் தரேன்."

பர்முவாட் சொட்டு விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆத்திரம்தான். பெண்டாட்டிமேல், லெம்பாகாமேல், இரண்டு வருடத்துக்கு முன் வேலமரத்தடியில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொன்ன தன்மேல். காறித் துப்பினான்.

"அவளோடது. எழுதிக்கோ."

"முழுப் பேரும் சொல்லு" என்றாள் ரெசியாடோ.

"ரெசியாடோ. ரெசியாடோ எங்கோட் ஒலே கிரிங்காய். எல்லாம் அவளோடது. போதுமா?"

ஒகோலா எழுதினான். ரெசியாடோ இடுப்புத் துணி முடிச்சிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுப் படிவத்தைத் திருப்பினான். லெம்பாகா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று குரலை மாற்றி, "சரிம்மா, நல்லதாப் போச்சு. நீங்களே போட்டுடுங்க கையெழுத்து. ரெண்டு டேங்காக் கேளுங்க, நான் வாங்கித் தரேன்" என்றார்.

"இழப்பீடு எப்படி வேணும்மா?" என்று ஒகோலா கேட்டான். "ரெண்டு கட்டம் இருக்கு. பணமா, டேங்கா?"

"ரெண்டும் வேண்டாம். தரமாட்டேன்னு எழுது."

ஒகோலா படிவத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"அதுக்குக் கட்டம் இல்லைம்மா."

"இல்லையா?"

"பணம்னு ஒண்ணு. டேங்குன்னு ஒண்ணு. அவ்வளவுதான் அச்சடிச்சிருக்காங்க."

ரெசியாடோ அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். மூன்று நாடு சேர்ந்து, இருநூறு பக்கம் எழுதி, கடல் தாண்டி வந்து அவளிடம் கேட்டிருக்கிறார்கள். சம்மதமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் புருஷனுக்காவது தண்ணீர் மட்டும்தான் கண்ணில் படவில்லை. இவர்களுக்கு அவளே படவில்லை.

"ஓரத்துல எழுதறேன்மா" என்றான் ஒகோலா. "ஆனா ஓரத்துல எழுதினதைக் கம்ப்யூட்டர் எடுக்காது. கட்டத்துல இருக்கிறதைத்தான் எடுக்கும்."

"அப்ப கட்டத்து மேலேயே எழுது. ரெண்டு கட்டமும் தெரியாத மாதிரி, பெரிசா."

அவன் லெம்பாகாவைப் பார்க்கவில்லை. பாறைமேல் அட்டையை வைத்து, இரண்டு கட்டத்தையும் மூடி, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினான். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். "தரமாட்டேன்" என்று வாசித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். அதற்குக் கீழே பெருவிரலை உருட்டி வைத்தாள்.

லெம்பாகா போனைக் காதில் வைத்துக்கொண்டு சரிவில் தடுமாறித் தடுமாறி இறங்கிப் போனார். பர்முவாட் போகாமல் நின்றான்.

"கொய்னெட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றான்.

"உங்கப்பன் பால் கறக்கலைன்னு சொல்லு. சந்தோஷப்படுவான்."

ஒகோலா அடுத்த படிவத்தை எடுத்து, "குழாய் எண் இரண்டு" என்றான்.

"என்னோடது" என்று செமெயியான் முன்னால் வந்தாள். "பேனாவுல மை இருக்கா பாத்துக்கோ."

"உன் வீட்டுக்காரன் எங்கே?" என்று ரெசியாடோ கேட்டாள்.

"கீழே மரத்தடியில. மத்த ஒன்பது வீட்டு ஆம்பளைங்களும் அங்கேதான் நிக்கறாங்க. எல்லாத்தையும் நான் சொல்லிடறேனே, அவன் எதுக்கு?"

"நீ சொன்னா நாளைக்கு இல்லேன்னுடுவான்" என்றாள் ரெசியாடோ. தாராயியாவின் பக்கம் திரும்பினாள். "தாராயியா, கீழே போய்ச் சொல்லு. ஒவ்வொருத்தனா மேலே ஏறி வரட்டும். இது என்னோடது இல்லைன்னு எல்லாரும் கேக்க வாயால சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கு முன்னால உன் வீட்டுக் குழாய் எதுன்னு காட்டறேன், நீ முதல்ல சொல்லு."